புழக்கத்தில் இருக்கும் பெரு

பெருவுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி "மச்சு பிச்சு எப்படி இருந்தது?" என்பதுதான். நன்றாக இருந்தது. அதில் பொய்யில்லை. ஆனால் அந்த நாட்டைப் பற்றி யாராவது சாவகாசமாக உட்கார்ந்து கேட்டால் நான் பேச ஆரம்பிப்பது வேறு இடங்களைப் பற்றி. மலைச்சரிவில் ஆயிரக்கணக்கான பாத்திகளில் உப்பு வாரும் குடும்பங்கள், ஆண்டுக்கொரு முறை புல்லை முறுக்கிப் புதிதாகக் கட்டப்படும் தொங்குபாலம், ஸ்பானியர் வருவதற்கு முன் ஆண்ட இன்காக்களின் காலத்து வாய்க்காலில் இன்றைக்கும் ஓடுகிற தண்ணீர், நடந்துகொண்டே குல்லாய் பின்னும் ஆண்கள். மச்சு பிச்சு இன்காக்கள் கட்டி, ஆள் ஒழிந்து போன ஊர். இவையெல்லாம் ஒழியாதவை. பெருவில் பார்க்க வேண்டியவை என்று கிடைக்கும் பட்டியல்களில் முதல் வகைக்குத்தான் கொட்டை எழுத்து. நான் இரண்டாவது வகையின் கட்சி.

என்னோடு வந்தவர் என் மாமா. பொதுப்பணித்துறையில் பாசன வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால், தெப்பக்குளத்துக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தேடுகிற ஆள். இந்தக் கட்டுரையில் வாய்க்காலும் வடிகாலும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் அவர்தான் பொறுப்பு.

முதலில் உயரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சரியாகக் கையாளாவிட்டால் மற்ற எதையும் ரசிக்க முடியாது. தலைநகர் லிமா கடலோரம். அங்கிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குஸ்கோவில் இறக்கிவிடுகிறார்கள். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட ஒரு கிலோமீட்டருக்கும் மேல். கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வருவதை அந்த ஊரில் சொரோச்சே என்கிறார்கள். வயதுக்கும் உடற்கட்டுக்கும் இது மரியாதை கொடுப்பதில்லை. எனக்குத் தலை வெடித்தது. மாமா சாவகாசமாகச் செய்தித்தாளில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல், காரில் நேராக உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுவது. பயணக் கையேடுகள் புனிதப் பள்ளத்தாக்கு என்று சொல்வது இதைத்தான். அங்குள்ள ஊர்கள் 2,800, 2,900 மீட்டரில் இருக்கின்றன. மச்சு பிச்சு இன்னும் தாழ்வு, 2,430 மீட்டர். இவற்றை முதலில் முடித்துவிட்டுக் குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொண்டால் உடம்பு அதற்குள் பழகிவிடும். விடுதிகளில் கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். பெருவில் அது சட்டப்படி சரி. ஊருக்கு வாங்கி வரும் எண்ணம் மட்டும் வேண்டாம். இலையானாலும் பொட்டலமானாலும் நம் சுங்கத்தில் அதற்குப் பெயர் போதைப்பொருள்.

பள்ளத்தாக்கில் நாங்கள் தங்கியது ஒயாந்தாய்தாம்போ என்ற ஊரில். பெரும்பாலானவர்கள் இதை மச்சு பிச்சு ரயில் ஏறும் இடமாக மட்டும் பார்க்கிறார்கள். பையை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிற கூட்டத்தைத் தினமும் பார்த்தோம். பாவம். இன்கா காலத்தில் போட்ட தெருக்கள் அப்படியே இருந்து, அவற்றில் மக்கள் இன்றும் குடியிருக்கும் ஊர் இது. நடுவில் முற்றம், சுற்றிலும் வீடுகள், முழு வளாகத்துக்கும் ஒரே வாசல். இந்த அமைப்புக்கு அவர்கள் பெயர் காஞ்சா. கல்லைச் செதுக்கி எடுத்த அடிச்சுவர் இன்காவுடையது. அதற்கு மேல் மண்கல் சுவர் பிற்பாடு வந்தது. அதற்கும் மேல் டிஷ் ஆண்டெனா.

தெருவோரமாகக் கல் பாவிய சிறு வாய்க்கால் ஓடுகிறது. மலையிலிருந்து வரும் தண்ணீர், வேகமாக, சத்தத்தோடு. ஒரு பெண் அதில் காய் கழுவினாள். மாமா குனிந்து ஒரு குச்சியைப் போட்டார். அது எத்தனை நொடியில் அடுத்த முனைக்குப் போகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் அடுத்த தெருவில் இன்னொரு குச்சி. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் எங்களுக்குப் பித்து என்று முடிவுகட்டி, தானும் குச்சி பொறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டான்.

ஊருக்கு மேலே படிப்படியாக ஏறும் மேடைகளும் உச்சியில் முடிக்கப்படாத ஒரு கோயிலும் இருக்கின்றன. கோயிலில் ஆறு பெரிய செந்நிறக் கற்கள் வரிசையாக நிற்கும். அவற்றை வெட்டிய கற்குவாரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர்மலையில் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கீழே இறக்கி, ஆற்றைக் கடத்தி, இந்தப் பக்கம் மறுபடி மேலே ஏற்றியிருக்கிறார்கள். வரும் வழியில் கைவிடப்பட்ட கற்கள் இன்னும் ஆங்காங்கே கிடக்கின்றன. களைத்துப்போன கற்கள் என்று உள்ளூரில் அவற்றுக்குப் பெயர். 1537இல் ஸ்பானியப் படையோடு எர்னாண்டோ பிசாரோ இங்கே வந்தபோது, இன்கா அரசர் மாங்கோ இன்கா மேடைகளின் மேலிருந்து தாக்கியதோடு, வாய்க்கால்களைத் திருப்பிவிட்டுக் கீழே சமவெளியில் வெள்ளம் பாயச் செய்தார். குதிரைகள் சேற்றில் சிக்கின. ஸ்பானியர்கள் பின்வாங்கினார்கள். அமெரிக்கக் கண்டங்களைப் பிடித்த கதையில் அவர்கள் தோற்ற பக்கங்கள் குறைவு. இது அதில் ஒன்று. ஜெயித்தது பாசனத்துறை என்பது மாமாவின் தீர்ப்பு.

அங்கிருந்து மராஸ். மலை இடுக்கில் ஓர் ஊற்றிலிருந்து உப்புத் தண்ணீர் வருகிறது. கடல் எங்கேயோ இருக்கிறது. மலைக்குள் புதைந்திருக்கும் பழைய உப்புப் படிவங்களைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர் இது. ஒரு சிறு வாய்க்கால் அளவுதான். அந்த ஒற்றை ஓடையைப் பிரித்துப் பிரித்து, சரிவு முழுக்க அடுக்கடுக்காக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திகளுக்கு விடுகிறார்கள். ஒவ்வொரு பாத்தியும் ஒரு சின்ன அறை அளவுகூட இருக்காது. மடையைத் திறந்து நிரப்புவது, அடைப்பது, காய விடுவது, மறுபடி நிரப்புவது. ஏறக்குறைய ஒரு மாதம் இப்படிச் செய்தால் உப்பு கனமாகப் படிகிறது. அதைத் தட்டி உடைத்து வாருகிறார்கள். மேலாக வருவது வெள்ளை, நடுவில் வருவது இளஞ்சிவப்பு, அடியில் தங்குவது மண் கலந்தது. மழைக்காலத்தில் வேலை கிடையாது, பாத்திகள் பழுப்பாகிவிடும்.

இது அரசுக்கோ கம்பெனிக்கோ சொந்தமில்லை. மராஸ், பிச்சிங்கோத்தோ என்ற இரண்டு ஊர்க் குடும்பங்கள் பாத்திகளைப் பங்கு வைத்துக்கொண்டிருக்கின்றன. இன்காக்களுக்கு முன்பிருந்தே இங்கே உப்பு எடுத்திருக்கிறார்கள். ஒருவர் மடையை அடைக்க மறந்தால் கீழே உள்ளவர் பாத்தி கெடும் என்பதால் சண்டைக்கும் சமாதானத்துக்கும் பஞ்சமிருக்காது என்று நினைக்கிறேன். 2019 வரை சுற்றுலாக்காரர்கள் பாத்தி வரப்புகளில் நடக்கலாம். எல்லோருடைய காலணி அழுக்கும் உப்பில் சேர்ந்ததால் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது மேலே இருக்கும் நடைமேடையிலிருந்துதான் பார்க்க முடியும். படம் எடுக்க வருகிறவர்கள் இதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வதைக் கேட்டேன். சாப்பிடும் பொருளை நடுவில் நின்று மிதித்துப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

பக்கத்திலேயே மொராய். வட்ட வட்டமாகக் கீழிறங்கும் மேடைகள், மேலிருந்து பார்க்க அழகாக இருக்கும். இன்காக்களின் வேளாண் ஆய்வுக்கூடம், ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு தட்பவெப்பம் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். சொல்லும் உறுதிக்குத் தக்க ஆதாரம் இல்லை. ஒரு மணி நேரம் போதும்.

சின்சேரோவில் நெசவு செய்யும் பெண்கள் சாயம் ஏற்றுவதைக் காட்டுகிறார்கள். இது சுற்றுலாவுக்காக ஒத்திகை பார்த்த நிகழ்ச்சிதான், மறைக்கவில்லை. ஆனாலும் கையில் இருக்கும் தொழில் நிஜம். ஒரு வேரைத் துருவி நுரை எடுத்து, அல்பாக்கா என்ற ஒட்டக இனத்து விலங்கின் ரோமத்தைக் கழுவுகிறார்கள். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் ஒரு சின்னப் பூச்சியை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் ரத்தச் சிவப்பு வருகிறது. அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் செம்மஞ்சளாகிறது. கொச்சினீல் என்ற இந்தச் சாயத்தை உலகத்தில் அதிகம் உற்பத்தி செய்யும் நாடு பெருதான். உதட்டுச் சாயத்திலும், சில மிட்டாய், தயிர் வகைகளிலும் சேர்க்கும் சிவப்பும் இதே பூச்சிதான் என்று அந்தப் பெண் சொன்னதும் சுத்த சைவரான மாமாவின் முகம் மாறியது. வெளிநாடு வந்ததிலிருந்து சாப்பிட்ட சிவப்புத் தயிரையெல்லாம் அவர் மனசுக்குள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, மச்சு பிச்சு.

அங்கே சாலை கிடையாது. ஒயாந்தாய்தாம்போவிலிருந்து ஆற்றை ஒட்டியே ரயில் போகிறது. அடிவாரத்து ஊரிலிருந்து மேலே பஸ். இல்லையென்றால் இன்கா பாதையில் நான்கு நாள் நடை. அதற்குத் தினசரி ஆள் கணக்கு உண்டு, பிப்ரவரியில் பாதையை மூடிவிடுவார்கள். நாங்கள் ரயில் கட்சி. நுழைவுச்சீட்டில் எந்த நேரம், எந்தச் சுற்றுப்பாதை என்று குறித்திருக்கும். மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட காலத்தில் போவதாக இருந்தால் பல மாதங்களுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். சீட்டு வாங்கும்போது கொடுத்த அதே பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். உள்ளே போனபின் ஒருவழிப் பாதைதான். வந்த வழியே திரும்பி, இன்னொரு முறை பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை.

பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் பாச்சகூட்டி என்ற இன்கா அரசர் கட்டியது, நூறு ஆண்டுகூடப் புழங்காமல் கைவிடப்பட்டது. அமெரிக்கரான ஹைரம் பிங்கம் 1911 ஜூலை 24 அன்று இதைக் கண்டுபிடித்தார் என்று ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். அவர் போனபோது அங்கே குடியானவக் குடும்பங்கள் மேடைகளில் பயிர் செய்துகொண்டிருந்தன. அகுஸ்தின் லிசாராகா என்ற உள்ளூர்க்காரர் 1902இலேயே வந்து சுவரில் தன் பெயரை எழுதி வைத்திருந்தார். பிங்கம் கொண்டுபோன பொருட்கள் யேல் பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட நூறு ஆண்டு இருந்துவிட்டு 2011, 2012இல் திரும்பி வந்தன. இப்போது குஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மலையைப் பார்த்துவிட்டு அதையும் பாருங்கள். அங்கே கூட்டமே இல்லை.

மச்சு பிச்சுவில் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். மாமா கீழே பார்த்தார். ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிற ஒரு செங்குத்து முகட்டில், நிலநடுக்கப் பகுதியில், ஊர் எப்படி சரியாமல் நிற்கிறது? பதில் தரைக்குக் கீழே. ஒவ்வொரு மேடையிலும் அடியில் பெரிய கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல், கடைசியில்தான் பயிர் மண். மழைநீர் தேங்காமல் வடிந்துபோகும். மொத்தக் கட்டுமான உழைப்பில் பாதிக்கு மேல் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத அஸ்திவாரத்துக்கும் வடிகாலுக்கும் போனது என்று இதை ஆராய்ந்த பொறியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஊற்றுத் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக வந்து பதினாறு நீர்த்தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்குகிறது. "இதைக் கட்டினவன் மழையைப் பாத்துப் பயந்தவன் மாப்ளே, அதான் நிக்குது" என்றார் மாமா. பின்னால் வந்த காவலர் விசிலடித்து எங்களை நகரச் சொன்னார்.

குஸ்கோவுக்கு வந்து சேர்ந்தது ஜூன் நடுவில். அந்த மாதம் முழுக்க அந்த ஊரில் யாரும் தூங்குவதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடம், சந்தை, வங்கி என்று ஒவ்வொரு கூட்டமும் உடையணிந்து, மேளம் வைத்துச் சதுக்கத்தைச் சுற்றி ஆடுகிறது. பெரும்பாலும் ஜூனில் வரும் கார்ப்பஸ் கிறிஸ்டி விழாவுக்குப் பல தேவாலயங்களிலிருந்து பதினைந்து திருவுருவங்களைத் தோளில் சுமந்து கதீட்ரலுக்குக் கொண்டுவருகிறார்கள். ஸ்பானியர் வருவதற்கு முன், பண்டிகை நாட்களில் இதே சதுக்கத்துக்கு இறந்த இன்கா அரசர்களின் பதப்படுத்திய உடல்களைத்தான் பல்லக்கில் கொண்டுவருவார்கள் என்று அந்தக் கால வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜூன் 24 இன்தி ராய்மி, சூரியனுக்கான விழா. ஸ்பானியர் தடை செய்த இந்த விழாவை 1944இல் நாடக வடிவில் மீட்டெடுத்தார்கள். சக்சைவமான் கோட்டை மைதானத்தில் நடக்கும் பெரிய காட்சிக்கு நல்ல விலை வைத்துச் சீட்டு விற்கிறார்கள். எனக்கு அதைவிட முந்தின வாரத்துத் தெரு ஆட்டம் பிடித்திருந்தது. அதற்குக் காசு கிடையாது. ஆடுகிறவர்களும் நமக்காக ஆடவில்லை.

சக்சைவமானைப் பண்டிகை இல்லாத நாளில் காலையில் போய்ப் பாருங்கள். நூறு டன்னுக்கு மேல் எடை உள்ள கற்களைச் சாந்து இல்லாமல் பொருத்திய சுவர் அது. ஸ்பானியர்கள் தூக்க முடிந்த கற்களையெல்லாம் தேவாலயம் கட்ட எடுத்துப்போனார்கள். மீதி இருப்பது தூக்க முடியாதவை. ஊருக்குள் கோரிகாஞ்சா என்ற சூரியக் கோயிலை அடித்தளமாக வைத்து சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மடம் பெரிய சேதம் கண்டது. உள்ளே மறைந்திருந்த இன்கா சுவர்கள் அசையாமல் வெளியே தெரிய வந்தன. கதீட்ரலுக்குள் மார்கோஸ் சபாத்தா வரைந்த இறுதி இராவுணவு ஓவியத்தில் மேசை நடுவில் தட்டில் இருப்பது கூய், அதாவது கினிப்பன்றி. குஸ்கோ ஓவியர்கள் இப்படித்தான். சொன்னதை வரைந்தார்கள், தங்கள் சாப்பாட்டோடு.

கூய் என்றதும் சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. சைவம் சாப்பிடுகிறவர்கள் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும். கோழி, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் கஷ்டமில்லை. கினோவா என்ற தானியத்தில் சூப், வேகவைத்த பெரிய மணிச் சோளத்தோடு ஒரு துண்டு வெண்பாலாடைக்கட்டி, மஞ்சள் மிளகாயும் பாலாடைக்கட்டியும் அரைத்த குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு. நம் சமையலறையில் இருக்கும் உருளைக்கிழங்கும் மிளகாயும் தக்காளியும் இந்தக் கண்டத்திலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் வந்தவைதான். ஆனால் நாம் வாங்கிக்கொண்டது ஓரிரு ரகம். குஸ்கோவின் சான் பெத்ரோ சந்தையில் கருநீலம், ஊதா, கொம்பு போல் வளைந்தது, விரல் போல் மெலிந்தது என்று குவித்து வைத்திருக்கிறார்கள். ஆண்டிஸ் மலைகளில் ஆயிரக்கணக்கான உருளைக்கிழங்கு ரகங்கள் உண்டு. சுன்யோ என்று ஒன்று, பார்க்கக் கூழாங்கல். மலையில் ஜூன், ஜூலை இரவின் உறைபனியில் கிழங்கைப் பரப்பி, பகல் வெயிலில் காய விட்டு, காலால் மிதித்து நீரை வெளியேற்றிச் செய்வது. பல ஆண்டு கெடாது. ருசி? மாமா மரியாதைக்கு ஒன்று சாப்பிட்டார். நான் அதுவும் இல்லை. ரொக்கோத்தோ மிளகாய் மட்டும் எங்கள் இருவருக்கும் பிடித்துவிட்டது. தக்காளி மாதிரி உருண்டு, உள்ளே கறுப்பு விதையோடு இருக்கும். காரம் சும்மா இல்லை.

குஸ்கோவுக்குத் தென்கிழக்கே இருபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளித் திப்போன். பலர் தவிர்க்கும் இடம். சுற்றுலாச்சீட்டில் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் தனியாகக் காசும் தேவையில்லை. (குஸ்கோ சுற்றுலாச்சீட்டு என்ற ஒன்றை வாங்கினால் சக்சைவமான், ஒயாந்தாய்தாம்போ, மொராய், திப்போன் உள்ளிட்ட பல இடங்களுக்குப் பத்து நாள் செல்லும். மச்சு பிச்சு, மராஸ், கோரிகாஞ்சா அதில் சேராது.) பெரிய பெரிய மேடைகள், அவற்றின் நடுவே கல் வாய்க்கால்கள், தண்ணீர் ஒரு மேடையிலிருந்து அடுத்ததற்குச் சுவர் ஓரமாகச் செங்குத்தாக விழுந்து இறங்குகிறது. ஓரிடத்தில் ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரிந்து, அப்புறம் நான்கு தாரையாகத் தொட்டியில் விழுகிறது. நான்கும் ஒரே அளவு. கீழே உள்ள வயல்களுக்கு இதே தண்ணீர்தான் போகிறது. மாமா அங்கே ஒரு முற்பகல் முழுவதையும் கழித்தார். "லெவல் மிஷின் வச்சே எங்க ஆளுங்க வாட்டத்தைக் கோட்டை விட்டிருக்காங்க. இவங்க எதை வச்சுப் பாத்தாங்க?" நாங்கள் இருந்தவரை வேறு இரண்டு மூன்று பேர்தான் வந்தார்கள். மச்சு பிச்சுவில் ஒரு நிமிடம்கூட நிற்க விடாமல் நகர்த்தப்பட்ட மாமாவை இங்கே யாரும் விரட்டவில்லை.

வானவில் மலை என்று அழைக்கப்படும் வினிகுங்காவுக்கு நாங்கள் போகவில்லை. ஐயாயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, படத்துக்காக வரிசையில் நிற்பதற்கு எனக்கு நுரையீரல் மனசு இரண்டும் இல்லை. காட்டை விரும்புகிறவர்கள் அந்த நாளைச் சேமித்து அமேசான் பக்கம் போகலாம். பெருவின் பரப்பில் பாதிக்கு மேல் மழைக்காடுதான் என்பதை மலையைப் பார்க்க வருகிறவர்கள் மறந்துவிடுகிறோம். குஸ்கோவிலிருந்து புவெர்த்தோ மால்தோனாதோவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் விமானம். தம்போபாத்தா காட்டில் விடியற்காலையில் பஞ்சவர்ணக்கிளிகள் கூட்டமாக ஆற்றங்கரை மண்ணைக் கொத்தித் தின்ன வரும். எங்கள் பயணத்தில் அதற்கு இடமில்லாமல் போனது.

டிட்டிகாக்கா ஏரிக்குப் போனோம். 3,812 மீட்டர் உயரத்தில் கடல் மாதிரி ஒரு ஏரி, பாதி பெருவுக்கு, பாதி பொலிவியாவுக்கு. கரையில் உள்ள பூனோ நகரத்தில் அழகு என்று எதுவும் இல்லை. ஊரோஸ் மிதவைத் தீவுகள் தொத்தோரா என்ற கோரையை அடுக்கிச் செய்தவை. அடியில் அழுக அழுக மேலே புதுக் கோரை பரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. போனால் பாட்டுப் பாடி வரவேற்று, படகில் ஏற்றி, கடைக்கு முன்னால் உட்கார வைத்துவிடுகிறார்கள். அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்ல மாட்டேன்; ஆனால் அரை மணிக்கு மேல் எனக்குக் கூச்சமாக இருந்தது.

தக்கீலே தீவு வேறு மாதிரி. இங்கே பின்னல் ஆண்களின் வேலை, தறி பெண்களின் வேலை. சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். கல்யாணமானவர் குல்லாய் முழுச் சிவப்பு. ஆகாதவர் குல்லாயின் பாதி வெள்ளை. யாரைப் பார்த்து என்ன கேட்கலாம் என்று தீவுக்காரர்களுக்குக் குழப்பமே வராது. பெண்கள் நெய்யும் அகலமான அரைக்கச்சையில் விதைப்பு, அறுவடை, பண்டிகை என்று ஆண்டின் சுழற்சி உருவங்களாக வருகிறது. இந்த நெசவை யுனெஸ்கோ 2005இல் அங்கீகரித்தது. ஆனால் எனக்குப் பிடித்தது சுற்றுலாவைத் தீவுக்காரர்கள் நடத்தும் விதம். சாப்பாட்டுக் கடைகளுக்கு முறை வைத்திருக்கிறார்கள். இன்று இவர் கடை, நாளை அவர் கடை. துணிகள் கூட்டுறவுக் கடையில், போட்ட விலைக்கு. பேரம் பேசிப் பழகிய எங்கள் கைகள் கொஞ்சம் அரித்தன. மாமா ஒரு குல்லாய் வாங்கினார். கடைக்காரர் கேட்டுவிட்டு முழுச் சிவப்பு கொடுத்தார்.

கடைசியாகப் பாலம். ஜூன் மாதத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததே கெஸ்வாசாகாவுக்காகத்தான். குஸ்கோவிலிருந்து தெற்கே சில மணி நேரப் பயணம், அப்பூரிமாக் ஆற்றின் மேல் சுமார் 28 மீட்டர் நீளம். முழுக்கப் புல். கம்பி இல்லை, ஆணி இல்லை, மரச்சட்டம்கூட இல்லை என்று சொல்லலாம்; நடக்கும் தளத்தில் பரப்பிய சிறு குச்சிகள் மட்டும். இன்காக்களின் சாலைப் பின்னல் இன்றைய ஆறு நாடுகளில் 30,000 கிலோமீட்டர் ஓடியது. சக்கரம் இல்லாத அந்தப் பேரரசில் ஓட்டக்காரர்களும் சுமை தூக்கும் லாமா மந்தைகளும் ஆறுகளைக் கடந்தது இத்தகைய பாலங்களில்தான். மற்றவை போய்விட்டன. இது மட்டும் நிற்கிறது, காரணம் இதை ஒவ்வோர் ஆண்டும் கழற்றிப் போடுகிறார்கள்.

வேலை நான்கு கிராமங்களுக்குச் சொந்தம்: உவின்சிரி, சௌப்பிபாந்தா, சொக்காய்வா, கொல்லானா கேவே. ஒவ்வொரு வீடும் இத்தனை முழம் கயிறு என்று பங்கு உண்டு. பெண்கள் வீட்டில் கோயா என்ற புல்லை அடித்து மென்மையாக்கி, நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்லிய கயிறாகத் திரிக்கிறார்கள். ஜூன் இரண்டாவது வாரத்தில் எல்லோரும் கயிறுகளோடு ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். முதலில் பூமித்தாய்க்குக் கோக்கா இலை படையல். அப்புறம் மெல்லிய கயிறுகளைச் சேர்த்து நடுத்தரக் கயிறு, அவற்றைப் பின்னித் தொடை தடிமனுக்கு வடம். இரண்டு பக்கமும் ஆண்கள் வரிசையாக நின்று தேர் வடம் மாதிரி இழுத்து இறுக்குகிறார்கள். பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விடுகிறார்கள். புல்தானே, கரைந்து போய்விடும். புது வடங்கள் கல் தூண்களில் ஏறுகின்றன. மூன்றாம் நாள் இரண்டு கரையிலிருந்தும் இரண்டு நிபுணர்கள் வடத்தின் மேல் கால் விரித்து உட்கார்ந்து, கைப்பிடியையும் தளத்தையும் இணைத்துப் பின்னிக்கொண்டே நடுவை நோக்கி நகர்கிறார்கள். கீழே ஆறு. இடுப்பில் கயிறு எதுவும் நான் பார்க்கவில்லை. நான்காம் நாள் சாப்பாடு, ஆட்டம், சோள பீர்.

பக்கத்திலேயே வாகனம் போகும் இரும்புப் பாலம் இருக்கிறது. அதனால் புல்பாலம் இல்லாவிட்டால் யாருடைய போக்குவரத்தும் நிற்காது. மாமாவுக்கு இது உறுத்தியது. தேவையில்லாத வேலையை அவர் வாழ்க்கையில் மதித்ததில்லை. அங்கே ஒரு பெரியவரிடம் வழிகாட்டி மூலம் கேட்டும் விட்டார். அவர், பாலம் கட்டாத ஆண்டில் பக்கத்துக் கிராமத்துக்காரனை நான் எங்கே பார்ப்பேன் என்று திருப்பிக் கேட்டார். 2020இல் கொரோனாவால் கட்ட முடியவில்லை. 2021 மார்ச்சில் பழைய பாலம் தானாகவே அறுந்து ஆற்றில் விழுந்தது. அந்த ஜூனில் முதல் கயிறை அக்கரைக்குக் கொண்டுபோகப் பழைய பாலம் இல்லாததால், படகில் போய் அதைக் கரை சேர்த்துப் புதிதாகக் கட்டினார்கள். மாமா அதற்குப் பிறகு தேவை பற்றிப் பேசவில்லை. கயிறு இழுக்கும் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அந்த உயரத்தில் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது, ஐரோப்பா அல்லது அமெரிக்கா வழியாகப் போகலாம். விசா விதிகளைத் தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், வழியில் இறங்கும் நாட்டின் விசாவையும் சேர்த்து. பாலத்துக்கு அந்தந்த ஆண்டின் சரியான தேதியைக் கேட்டுவிட்டு மற்றப் பயணத்தை அதற்கேற்ப வகுத்துக்கொள்வது நல்லது. இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். பக்கத்து ஊர்களில் தங்கும் அறைகள் மிக எளியவை, போர்வை கனம், வெந்நீர் சந்தேகம். முதல் நாளோ நான்காம் நாளோ ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு இரண்டாம் நாள் போங்கள். வடம் இழுப்பது அன்றைக்குத்தான்.